ஸ்டேடியம் ஆர்கேடியம்: 28 பாட்டையும் கேட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

இரவுவானொலி

அமெரிக்க ராக் பேண்ட் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் இந்த ஆல்பம் 2006 மே மாதம் வந்தது. ஜூபிடர், மார்ஸ் என்று இரண்டு டிஸ்க், ஒவ்வொன்றிலும் 14 பாட்டு, மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வந்த நாளிலிருந்து ஒரே சண்டைதான். பாதியை வெட்டிப்போட்டு ஒரே டிஸ்க்காக விட்டிருந்தால் எங்கேயோ போயிருக்கும் என்று ஒரு கட்சி. ஒன்றையும் தொடக்கூடாது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அடிப்பவர்கள் அடிக்கலாம்.

பலரையும் போல நானும் 'டானி கலிஃபோர்னியா' வீடியோ பார்த்துத்தான் உள்ளே வந்தேன். ஐம்பதுகளின் ராக்கபில்லியில் ஆரம்பித்து பீட்டில்ஸ் காலம், ஃபங்க், கிளாம், பங்க், கிரஞ்ச் என்று ராக்கின் ஒவ்வொரு காலத்துப் பாணிக்கும் வரிசையாக வேஷம் கட்டி ஆடி, கடைசியில் தங்கள் சொந்த முகத்தோடு வந்து நிற்பார்கள். அதற்காகவே ஆல்பத்தை வாங்கினேன். ஆனால் ரொம்ப காலம் முதல் இரண்டு பாட்டைத் தாண்டவில்லை. அது முடிந்தால் இது, இது முடிந்தால் மறுபடி அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு அறைக்கு மட்டும் நானே பெயிண்ட் அடித்தேன். ஜூபிடர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் பெயிண்ட், பிளேயரைத் தொட முடியாது, ஸ்கிப் பண்ண வழியில்லை. அப்படித்தான் 13-வது பாட்டு, 'வெட் சாண்ட்', என் காதில் முழுசாக விழுந்தது. சாதுவான கிடாரும் குரலுமாக ஆரம்பிக்கிறது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. இவ்வளவுதான் போல என்று நினைக்கிற நேரத்தில் கடைசி ஒரு நிமிடத்துக்கு பேண்டின் கிடாரிஸ்ட் ஜான் ஃபுருஷான்டேயின் கிடார் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். தரையில் கறை இன்னும் இருக்கிறது.

மார்ஸ் டிஸ்க்கிலும் 13-வது பாட்டைப் பாருங்கள், 'டர்ன் இட் அகைன்'. ஆறு நிமிடம். முடிவில் ஒரு கிடார் மேல் இன்னொரு கிடாராக அடுக்கிக்கொண்டே போகிறார். எத்தனை என்று எண்ணப் பார்த்து நான் விட்டுவிட்டேன். இவை இரண்டும் இப்படி ஆளரவம் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கத்தரிக்கோலைக் கையில் எடுப்பவன் முதலில் கை வைப்பது அங்கேதான் என்பது என் பயம்.

நாலுதந்தி

கிடாரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். பேஸ் கிடார் வாசிக்கிறவள் பக்கமும் ஒன்று சொல்கிறேன்.

இதற்கு முந்தைய ஆல்பம் 2002-இல் வந்த 'பை த வே'. அதில் மெலடி அதிகம், ஃபங்க் குறைவு. அந்த நாட்களில் தனக்கு இடமில்லாதது போல உணர்ந்ததாக இவர்களின் பேஸ் கலைஞர் ஃப்ளீயே பின்னால் சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு ஸ்டேடியம் ஆர்கேடியத்தைக் கேட்டால் வேறு மாதிரி கேட்கும். மனுஷன் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். 'ஹம்ப் டி பம்ப்' எங்கள் கல்லூரி பேண்டில் வாசித்த பாட்டு. பேஸ் லைனைப் பிடித்துவிட்டோம், நடுவில் வருகிற அந்தத் தாளவாத்தியப் பகுதியில்தான் மாட்டிக்கொண்டோம். ஆளுக்கொரு சாமான் எடுத்துத் தட்ட வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு கௌபெல், குச்சியால் தட்டுகிற உலோக மணி. மிச்சத்தை கேன்டீன் டம்ளரில் ஒப்பேற்றினோம். டிரம்பெட் பகுதிக்கு ஆளே இல்லை, எங்கள் பாடகர் வாயாலேயே ஊதினார். ஒரிஜினலில் அதை ஊதியதும் ஃப்ளீதான்.

'வார்லாக்ஸ்' பாட்டில் வருகிற கிளாவினெட் என்ற கீபோர்டைக் கவனித்தீர்களா? பில்லி பிரஸ்டன். பீட்டில்ஸோடு வாசித்தவர். ஆல்பம் வந்த அடுத்த மாதமே, ஜூன் 2006-இல், இறந்துவிட்டார். ஒரே டிஸ்க்காக வெட்டினால் இந்தப் பாட்டெல்லாம் கண்டிப்பாக வெளியே போயிருக்கும்.

கத்தரிக்கோல்

பெயரைப் பார்த்தாலே நான் எந்தக் கட்சி என்று தெரிந்திருக்கும்.

இவர்கள் மொத்தம் 38 பாட்டுப் பதிவு செய்தார்கள். ஆறு மாத இடைவெளியில் மூன்று ஆல்பமாக விடுவதுதான் முதல் யோசனை. 28-ஆகக் குறைத்ததே பெரிய தியாகம் என்று ரசிகர்கள் சொல்வார்கள். சரி, குறைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் பத்துப் பன்னிரண்டு குறைத்திருக்கலாமே? மார்ஸ் நடுவில் 'ரெடிமேட்' தாண்டி 'அனிமல் பார்' வரைக்கும் எனக்கு ஒரு தொய்வு வருகிறது. ஒவ்வொரு முறையும் வருகிறது. தனியாகக் கேட்டால் எதுவும் மோசமில்லை, அடுத்தடுத்து வரும்போது அசதி.

விற்பனையைக் காட்டி வாயை அடைக்காதீர்கள். முதல் வாரம் அமெரிக்காவில் 4,42,000 பிரதி போனது, பில்போர்டு விற்பனைப் பட்டியலில் நேராக முதலிடம், சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி எல்லாம் எனக்கும் தெரியும். நீளத்துக்காகவா கொடுத்தார்கள்? 2022-இல் மறுபடியும் இதே கதைதான். ஏப்ரலில் 17 பாட்டோடு ஒரு ஆல்பம், அக்டோபரில் இன்னொரு 17. இரண்டிலும் சேர்த்து நான் வைத்துக்கொண்டது ஒரு டிஸ்க்குக்குத்தான் வரும்.

தட்டுக்காரன்

அசதி என்றீர்களே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன். அது பாட்டின் எண்ணிக்கையால் வருவது இல்லை என்பது என் கட்சி.

எதில் கேட்டீர்கள்? சிடியிலா, இசைத்தட்டிலா? அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஒரு போட்டி இருந்தது: என் பாட்டு உன் பாட்டைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும். அதற்காக மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடுவதற்கு முன் ஒலியைச் சரிசெய்கிற கடைசிக் கட்டத்தில், மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இந்த சிடி அதில் நன்றாகவே அடிபட்டது. ஸ்னேர் டிரம் அடி விழுகிற இடம் எல்லாம் கூரை இடிக்கிற மாதிரி இருக்கும். இரண்டு மணி நேரம் அதைக் கேட்டால் யாருக்கும் காது களைத்துப்போகும்.

இசைத்தட்டு வேறு ஆட்கள் செய்தது. ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேயும் தனியாக மாஸ்டர் செய்து நாலு தட்டாக வந்தது. என் நண்பர் வீட்டில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம். தட்டின் ஒலி அளவு குறைவாக இருந்ததால் ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைத் திருப்பி இரண்டையும் சமமாக்கிக்கொண்டோம். அதைச் செய்யாமல் ஒப்பிட்டால் சத்தமானதுதான் ஜெயிக்கும். இரவுவானொலி சொன்ன 'வெட் சாண்ட்' தான் பரீட்சை. சிடியில் ஆரம்பமே ஓரளவு உரக்க இருப்பதால் கடைசி சோலோ ஏறுவதற்கு மிச்சம் இடமில்லை. தட்டில் அடக்கமாக ஆரம்பிக்கிறது. விரல் கிடார் தந்தியில் வழுக்குகிற ஓசை வரைக்கும் கேட்கிறது. அப்புறம் சோலோ வரும்போது நண்பரின் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

வேதனை என்னவென்றால், பதிவு முழுக்க அனலாக் டேப்பில் நடந்தது. இடம் லாரல் கேன்யனில் இருக்கிற அதே மாளிகை, 1991-இல் இவர்களுக்கு வாழ்வு கொடுத்த ஆல்பம் பிறந்த வீடு. தயாரிப்பாளரும் அதே ரிக் ரூபின். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு வாசலில் கொண்டுவந்து நசுக்கியிருக்கிறார்கள். கத்தரிக்கோல், ஒரு முறை தட்டில் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

சுண்டுவிரல்

ஆல்பம் முழுசாகக் கேட்டதில்லை, 'ஸ்னோ' ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருக்கிறேன், ஆயிரம் தடவை. காரணம் கிடார் வகுப்பு.

கேட்கும்போது தண்ணீர் மாதிரி ஓடும். வாசித்தால்தான் தெரியும். நாலே கார்டுகளைச் சுற்றி, இடைவெளியே இல்லாத பதினாறாம் பாக ஸ்வரங்கள். பாதி ஸ்வரங்களை வலது கை மீட்டுவதேயில்லை, இடது கை விரல் தட்டியும் இழுத்துமே எடுக்க வேண்டும். ஒரு சுற்று வாசித்துவிடலாம். பாட்டு முழுக்க அதையே வாசிக்கும்போது மூன்றாவது நிமிடத்தில் கட்டைவிரல் அடியில் ஒரு வலி பிடிக்கும். என் மாஸ்டர் சொன்ன வழி: வேகத்தைப் பாதியாக்கு, கிடாரின் கழுத்தை இறுக்கிப் பிடிக்காதே. சரிதான், ஆனால் மேடையில் யார் பாதி வேகத்தில் பாடுவார்கள்?

கத்தரிக்கோல்

தட்டுக்காரன் சார், நாலு தட்டு வாங்கினால் எட்டு முறை எழுந்து திருப்பிப்போட வேண்டும். அசதி போவதற்கு அது வழியா?

சரி, ஒத்துக்கொள்கிறேன், 'வெட் சாண்ட்', 'டர்ன் இட் அகைன்' இரண்டும் என் பட்டியலிலும் உண்டு. ஃப்ளீயின் நாய் செத்ததைப் பற்றிய 'டெத் ஆஃப் எ மார்ஷியன்' கூட இருக்கட்டும். 'கமான் கேர்ள்' மட்டும் போயே ஆக வேண்டும்.

நாலுதந்தி

'கமான் கேர்ள்' பேஸ் லைனை ஒரு தடவையாவது தனியாகக் கவனித்திருக்கிறீர்களா அண்ணா? ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாருங்கள், பேசுவோம்.