காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார்கள்: பலூன் சிகிச்சைக்கு வழி உண்டா?

கேள்வி: காசிமேட்டு மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 67 வயது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னியே காலம் கழித்தவர். நெடுநாளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பீடிப் பழக்கமும் உண்டு. சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று சென்ற ஆண்டிலிருந்தே சொல்லி வந்தார். இப்போது இடது கால் கட்டைவிரல் நுனி கருத்துவிட்டது. இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் வலி சற்றுத் தணிகிறது. ஒரு தனியார் மருத்துவமனையில் புண்ணைப் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதே நல்லது என்றார்கள். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன்கூட எடுக்கவில்லை. இதயத்துக்குச் செய்வதுபோல் காலுக்கும் பலூன் வைத்து அடைப்பை நீக்கலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.8 இருப்பதால் அதுவும் பயமாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், பழைய வண்ணாரப்பேட்டை

அம்மா, காலைத் தொங்கவிட்டால் வலி தணிகிறது என்று நீங்கள் எழுதியதுதான் இதில் முக்கியமான செய்தி. படுக்கும்போது பாதத்துக்கு ஏறாத ரத்தம், தொங்கவிடும்போது புவியீர்ப்பால் கொஞ்சம் இறங்குகிறது. அறுவை சிகிச்சை வார்டில் இப்படிக் கால் தொங்க உட்கார்ந்தபடியே தூங்கும் நோயாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தொங்கவிட்ட பாதம் செக்கச்செவேலென்று இருக்கும். தூக்கிப் பிடித்தால் வெளுத்துப்போகும். இது ரத்தக்குழாய் அடைப்பு முற்றியதன் அடையாளம். ரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் காலை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதே சமயம் நாள் கடத்தவும் கூடாது. கருத்த விரல் காய்ந்து சுருங்கியிருந்தால் சோதனைகளுக்கு அவகாசம் உண்டு. ஈரமாகி, நாற்றமடித்து, சிவப்பு பாதத்தில் ஏறி, காய்ச்சலும் வந்தால் அன்றே 108-ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அந்த நிலையில் சீழை வெளியேற்றி உயிரைக் காப்பதுதான் முதல் வேலை. உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்.சில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

பதில்: ரத்தநாள மருத்துவர்

செவிலியர் அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனையில் விகிதம் 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று கொள்கிறோம். ஆனால் சர்க்கரை நோயாளிகளின் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால், மோசமான காலிலும் அந்த எண் நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடும். அவர்களுக்குக் கால்விரலின் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் புண் தானாக ஆறுவது கடினம்.

பலூன் சிகிச்சை பெரும்பாலும் தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்யப்படுகிறது. மெல்லிய கம்பி ஒன்றை அடைப்புக்குள் நுழைத்து, அதன் மேல் பலூனைச் செலுத்தி, சில நிமிடங்கள் விரித்து வைக்கிறோம். முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்கள் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. அங்கே வழக்கமாக ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலை) வைப்பதில்லை. இந்த முறை தொடங்கியதே வெட்டப்பட இருந்த ஒரு காலில்தான். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், விரல்கள் அழுகியும் காலை எடுக்க மறுத்துவிட்ட 82 வயது மூதாட்டிக்குச் சார்லஸ் டாட்டர் என்னும் கதிரியக்க மருத்துவர் பலூன் இல்லாமலேயே, குழாய்களைச் செலுத்தி அடைப்பை விரித்தார். அந்த அம்மையார் இறக்கும்வரை சொந்தக் காலிலேயே நடந்தார்.

எல்லோருக்கும் பலூனே சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். காலில் நல்ல சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்) கிடைப்பவர்களுக்கு, அதைக் கொண்டு அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதை அமைக்கும் பைபாஸ் அறுவை மேலான பலன் தந்ததாக 2022-இல் வெளியான பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வு காட்டியது, முழங்காலுக்குக் கீழான அடைப்பில் முதலில் பலூன் செய்தவர்களே காலும் உயிரும் தப்பி அதிகம் இருந்ததாக 2023-இல் பேசில்-2 ஆய்வு காட்டியது. ஆகவே இரண்டையும் செய்யத் தெரிந்த குழுவிடம் போங்கள். கருத்த விரலை எடுக்க வேண்டியிருந்தாலும், தொற்று தீவிரமாக இல்லையென்றால், ரத்த ஓட்டத்தைச் சரிசெய்த பிறகே எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் வெட்டிய இடமே ஆறாமல், வெட்டு மேலே மேலே ஏறும்.

பதில்: வியாசர்பாடி வாசகர்

சகோதரி, என் அம்மாவுக்கு இதைச் செய்தோம். மறுநாளே பாதத்தில் சூடு தெரிந்தது. சாம்பல் நிறத்தில் கிடந்த புண்ணின் அடியில், கட்டு மாற்றும்போது இளஞ்சிவப்பாகப் புதுச் சதை தெரிய ஆரம்பித்தது. சில மாதங்களில் குழாய் மீண்டும் சுருங்கியதால் இன்னொரு முறை பலூன் வைத்தார்கள். அதற்குள் புண் முக்கால்வாசி ஆறிவிட்டிருந்தது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அப்பா பீடியை விடாவிட்டால் திறந்த குழாய் திறந்தபடி இருக்காது. இதை மருத்துவர் வாயாலேயே அவருக்குச் சொல்லச் செய்யுங்கள்.

காசிமேட்டு மகள்

மிக்க நன்றி. இன்று அரசு மருத்துவமனையில் டாப்ளர் எடுத்தார்கள். தொடைக் குழாய் பரவாயில்லை, முழங்காலுக்குக் கீழேதான் அடைப்பு என்றார்கள். சாயம் செலுத்தி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமுக்குச் சேர்த்திருக்கிறார்கள். அப்பா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். அதைப் பற்றி ஏதேனும் சொல்ல வேண்டுமா?

ரத்தநாள மருத்துவர்

கட்டாயம் சொல்லுங்கள். சாயம் செலுத்தும் நாளில் அதை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியாட்டினினைப் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்வார்கள். 1.8 என்பதால் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. சாயத்தின் அளவைக் குறைக்கலாம், சில மையங்களில் சாயத்துக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைக்கூடப் பயன்படுத்துகிறார்கள். வலிக்கு அவராகக் கடையில் வாங்கும் மாத்திரைகளை இன்றே நிறுத்திவிடுங்கள். சிறுநீரகத்துக்குச் சாயத்தைவிட அவை அதிகம் கெடுதல் செய்யக்கூடும்.