பழைய நோட்டுகளைக் காப்பாற்ற வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். பெரியப்பா சேர்த்து வைத்த பழைய ரூபாய் நோட்டு ஆல்பம் இப்போது என்னிடம் இருக்கிறது. நம் பழஞ்சின்னங்கள் உள்ள நோட்டுகளாகவே தேடிச் சேர்த்திருக்கிறார். ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போய், சாரநாத் சிங்கங்கள் வந்த 1949 ஒரு ரூபாய் நோட்டுதான் முதல் பக்கத்தில்.

கவலையே அந்தப் பழைய இருபது ரூபாய் நோட்டுதான். பின்பக்கம் ஒடிசாவின் கோனார்க் சூரியன் கோயில் கல் சக்கரம் இருக்குமே, அது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தடித்த ஆரங்களுக்கு நடுவே மெல்லிய ஆரங்கள் ஓடுவது தெரியும். 13ஆம் நூற்றாண்டுச் சிற்பியின் கைவேலையை இத்தனை சின்ன இடத்தில் செதுக்கியவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் பிவிசி உறை பிசுபிசுத்து, ஒரு ஓரம் நோட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஐப்பசி மழை ஈரத்தில் இன்னும் மோசமாகிறது. பிய்க்கப் பயமாக இருக்கிறது.

மை கலையாமல் பிரித்தெடுக்க யாருக்காவது அனுபவம் உண்டா? அமிலமில்லாத பாலியெஸ்டர் உறை சென்னையில் எங்கே கிடைக்கும்? பாரிமுனைக் கடைகளில் கேட்டால் பிவிசியைத்தான் காட்டுகிறார்கள்.

இன்னொன்று. தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு, 1954இல் வந்து 1978 ஜனவரியில் செல்லாமல் போனதே, அது ஆல்பத்தில் இல்லை. வாங்கும் வசதி எனக்கில்லை. யாரிடமாவது இருந்தால் நேரில் ஒருமுறை பார்க்க ஆசை. நீங்கள் சொல்லும் இடத்துக்கு நானே வருகிறேன்.