வெள்ளிக்கிழமைப் பேச்சு: லாஸ்பேட்டை குடும்பக் குழுவில்

நிலா: பெரியப்பா, வெள்ளிக்கிழமை கல்லூரியில் பேசணும். தலைப்பு, சர்வாதிகார ஆட்சியில் கல்வியும் கலையும். 1933 மே 10, ஹிட்லர் ஆட்சியில் பெர்லினில் புத்தகம் எரித்தார்களே, அதில் ஆரம்பிக்கலாமா?

பெரியப்பா: ஆரம்பிக்கலாம் கண்ணு. எரித்தது யார் என்பதையும் சொல்லு. ஏற்பாடு செய்ததே மாணவர் சங்கம்தான். பேராசிரியர்களும் கூட நின்றார்கள்.

கடலூர் அத்தை: படிச்சவங்களேவா அண்ணே?

பெரியப்பா: ஆமாம்மா. அந்த ஆட்சியின் பள்ளிக் கணக்குப் புத்தகம் இன்னும் மோசம். ஒரு மனநோய் விடுதி கட்ட 60 லட்சம் மார்க் ஆகிறது, ஒரு வீட்டுக்கு 15,000 மார்க். விடுதிப் பணத்தில் எத்தனை வீடு கட்டலாம்? நாஜி ஜெர்மனியில் பிள்ளைகளுக்குக் கொடுத்த கணக்கு இது. விடை 400. வகுத்து முடிக்கும்போது, நோயாளி வீண் செலவு என்பதும் பிள்ளை மனசில் ஏறிவிடுகிறது. 1939-இல் அப்படிப்பட்ட நோயாளிகளைக் கொல்லவே ஆரம்பித்தார்கள். நானும் கணக்கு வாத்தியார்தான். இதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கடலூர் அத்தை: ஐயோ, பச்சைப் பிள்ளைகளிடமா…

அருண்: கலைக்கும் அப்படித்தான் நிலா. அதே 1933-இல் ஹிட்லரின் பிரசார மந்திரி கோயபல்ஸ் ஒரு கலாசார சபை வைத்தார். அதில் உறுப்பினராக இல்லாவிட்டால் ஓவியம், இசை, நாடகம் எதிலும் பிழைக்க முடியாது.

கடலூர் அத்தை: நம்ம பாரதி பாட்டையும் 1928-இல் பறிமுதல் செய்தாங்களே. புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் இருந்தவராச்சே.

பெரியப்பா: செய்தார்கள், கொடுமைதான். ஆனால் இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். அப்போது சென்னைச் சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து கேட்க முடிந்தது. ஸ்டாலின் காலத்தில் யார் கேட்பது? ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவா தன் கவிதையை வீட்டுக்குள்ளேயே வாய்விட்டுச் சொல்லப் பயந்தார், சுவருக்கும் காது இருந்த காலம். துண்டுத் தாளில் எழுதி நீட்டுவார். தோழி லிதியா சுக்கோவ்ஸ்காயா படித்து மனப்பாடம் செய்வார். உடனே அக்மதோவா தாளைச் சாம்பல் கிண்ணத்தில் கொளுத்திவிடுவார். அப்படிக் காப்பாற்றிய கவிதை சோவியத் நாட்டில் முழுசாக அச்சேறியது 1987-இல்தான்.

நிலா: அதற்குள் அவர் இறந்தே போயிருப்பாரே?

பெரியப்பா: 1966-இலேயே.

அருண்: ஸ்டாலின் போன பிறகும் விடவில்லை. அவருடைய ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியாவை 1953-இல் சுட்டுக் கொன்றதும், கலைக்களஞ்சியம் வாங்கியவர்களுக்குத் தபால் போனது. அவரைப் பற்றிய பக்கங்களை நீங்களே வெட்டி எடுங்கள், அனுப்பியிருப்பதை ஒட்டுங்கள் என்று. ஒட்டக் கொடுத்ததில் பேரிங் கடலைப் பற்றி நிறைய இருந்தது.

நிலா: வீட்டில் உட்கார்ந்து அவங்களே வெட்டணுமா! பெரியப்பா, நான் அந்தக் கணக்கிலேயே ஆரம்பிக்கிறேன். விடையையும் சொல்லிடட்டுமா?

பெரியப்பா: வேண்டாம். கணக்கை மட்டும் போர்டில் எழுது, எல்லோரும் போடட்டும். போட்டு முடித்த பிறகு அது எந்த நாட்டுப் புத்தகம் என்று சொல்லு.