தறியடியில் கேட்ட பட்டுச்சேலைப் பக்குவம்

எங்கள் வீட்டில் சேலை எடுப்பதென்றால் மதுரை விளக்குத்தூண் பக்கம் கடை கடையாக ஏறி இறங்குவதுதான் வழக்கம். அந்த மின்விளக்கு வெளிச்சத்தில் எல்லாப் பட்டும் ஒரே மினுமினுப்பு. தங்கை கல்யாணத்துக்கு மட்டும், "தறியிலேயே பார்த்து வாங்குவோம்" என்று அத்தை ஒரே பிடிவாதம். சரி என்று நிலையூர் கைத்தறி நகருக்குப் போனோம். சௌராஷ்டிர நெசவாளர்கள் நிறைந்த இடம்.

குழிக்குள் கால் வைத்து நெய்யும் குழித்தறியில் நெசவாளர் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் அவர் மனைவி நாடா, அதாவது குறுக்கு நூலை ஓட்டும் கட்டை, வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்குத் துணை ஆள் இல்லாமல் முடியாதாம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. குறுக்கு நூலான ஊடை ஓடும் ஒவ்வொரு தடவையும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று மாட்டிக்கொள்ள வேண்டும். அதனால்தான் கரையின் நிறம் கலங்காமல் நிற்கிறது. ஒரே நாடாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டினால் உடல் நிறம் கரைக்குள்ளும் புகுந்து கரையின் நிறம் மங்கிவிடும். சேலையைப் புரட்டிக் காட்டினார். உடலும் கரையும் சேருமிடம் விரலுக்கு மெல்லிய வரப்பாகத் தட்டுப்பட்டது.

சில்க் மார்க் பற்றிக் கேட்டேன். 2004-ல் மத்திய பட்டு வாரியம் கொண்டுவந்தது அது. பட்டு அசல் என்பதற்கு மட்டும்தான் சான்று. கையால் நெய்ததா, ஜரிகை எப்படி என்பதெல்லாம் அதில் வராது. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பராமரிப்புப் பேச்சு வந்ததும் அந்த அக்கா பிடித்துக்கொண்டார். "பாச்சா உருண்டைய மட்டும் சேலை மடிப்புல போட்றாதீங்கம்மா!" அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே, பீரோ முழுக்க அதுதான். அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியது. உருண்டை, சென்ட், ஈரம் எது பட்டாலும் கறுக்கும். பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைத்தால் போதும். பிளாஸ்டிக் கவருக்குள் ஈரம் அடைபடும் என்பதால் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்கச் சொன்னார். கட்டிய சேலையை அன்றே மடித்து வைக்கக் கூடாது. நிழலில் வேர்வை உலர வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஜரிகை அதே மடிப்பில் ஒடிந்துவிடும். இஸ்திரி போட்டால் மேலே ஒரு பருத்தித் துணி. அடிக்கடி பாலிஷ் போடுவது அவருக்கு ஆகவே ஆகாது. எனக்கும்தான், அந்த மொடமொடப்பில் பட்டின் குழைவே போய்விடுகிறது.

அத்தை மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை சொல்லி முன்பணமும் கொடுத்துவிட்டார். ஜாக்கெட் துணியையும் சேர்த்தே நெய்து, ஆவணி முகூர்த்தத்துக்குள் தறியிலிருந்து அறுத்துத் தருகிறார்களாம்.