பி.ஏ. இசைக்கு வியாபாரப் பாடம் தேவையா?

தம்புராப் பையன்:
இசைப் பட்டப்படிப்பில் ஒப்பந்தம், சன்மானம், ராயல்டி, வருமான வரி இதற்கெல்லாம் ஒரு தாள் வைக்கலாமா, கூடாதா? கடைசி வருஷம் படிக்கிறேன். 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ரிசப்ஷன் கச்சேரிக்கு "எவ்வளவு தம்பி?" என்று கேட்டால் மட்டும் "பார்த்துச் செய்யுங்க" என்பதுதான் வாயில் வருகிறது.

வீணை டீச்சர்:
கூடாது. சேரும் பிள்ளைகளில் பலருக்கு வர்ணம் என்ற அடிப்படை உருப்படியே இரண்டு வேகத்தில் நிற்பதில்லை. இருப்பது மூன்று வருஷம். தாள் என்று வந்துவிட்டால் காமர்ஸ் துறையிலிருந்து ஒருவர் வந்து "மேலாண்மையின் பண்புகள்" என்று நோட்ஸ் கொடுப்பார், நீங்கள் உருப்போட்டு மார்க் வாங்குவீர்கள். ரிசப்ஷனில் அப்போதும் "பார்த்துச் செய்யுங்க"தான். எம்.எஸ். அம்மா கணக்கு வழக்கு படித்தா பாடினார்கள்?

கடம்:
அவங்களுக்கு எல்லாத்தையும் பார்த்துக்கக் கணவர் சதாசிவம் இருந்தார் டீச்சர். எங்களுக்கு யாரு?

ஆடிட்டர் ரசிகர்:
உருப்போட வைப்பது சொல்லிக்கொடுப்பவர் குறை. அதற்காகப் பாடமே வேண்டாம் என்பீர்களா? என்னிடம் வரும் இளம் கலைஞர்களைப் பார்த்துச் சொல்கிறேன். ஈவென்ட் கம்பெனி சன்மானத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு தருகிறது, பான் எண் கொடுக்காதவருக்கு 20. வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்கிவிடலாம். பலர் போடுவதே இல்லை. சாஸ்திரிய, நாட்டுப்புறக் கச்சேரிக்குச் சன்மானம் 1.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத வரை ஜி.எஸ்.டி. கிடையாது என்பதும் தெரியாது.

யூடியூப் இன்னும் மோசம். தியாகராஜர் மறைந்தது 1847-ல், அவர் கிருதி எல்லோருக்கும் பொது. ஆனாலும் சொந்தக் குரலில் பாடி ஏற்றினால் ஏதோ ஒரு கேசட் கம்பெனி "இது எங்கள் ஒலிப்பதிவு" என்று உரிமை கோரிவிடும். மறுப்புத் தெரிவித்தால் அவர்கள் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகள் பயந்துபோய் வீடியோவை எடுத்துவிடுகிறார்கள். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பாடியவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு; அதையும் சேர்த்து எழுதிக்கொடுக்கச் சொல்லும் ஒப்பந்தத்தில் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். இதற்கெல்லாம் பத்து வகுப்பு போதும்.

வீணை டீச்சர்:
சரி, எல்லாம் தெரிந்துகொண்டார்கள். சபாவில் பணம் கூடுமா? டிசம்பர் சீசனில் மதிய ஸ்லாட்டுக்கு வாங்குவது ஆட்டோவுக்கே காணாது என்பது ஊரறிந்தது. அங்கே போய் ஒப்பந்தம் நீட்டினால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். வரிசையில் நிற்பவர் ஆயிரம் பேர். சபாக்காரர் திருந்தாததற்கு மாணவன் ஏன் தாள் எழுதணும்?

கடம்:
இது நியாயம். ஆனா ஒண்ணு. அந்த மதியக் கச்சேரிக்குப் பாடுறவர் தன் கையிலிருந்துதான் பக்கவாத்தியத்துக்குக் கொடுக்கிறார். எவ்வளவுன்னு முன்கூட்டியே பேசுறதில்லை. கச்சேரி முடிஞ்சு கவரைப் பிரிச்சாத்தான் தெரியும். அதைக் கேட்கவே எனக்குக் கூச்சமா இருக்கு. சபாவை விடுங்க, எங்களுக்குள்ளேயே பேசப் பழகலையே.

தஞ்சை நாயனம்:
இங்கே பேசுறதைப் பார்த்தா சிரிப்பு வருது. எங்க வீட்டில் பரம்பரையா அட்வான்ஸ் கைக்கு வந்தாத்தான் தேதி. தவிலுக்கு இவ்வளவு, தாளத்துக்கு இவ்வளவு, வண்டிச் சத்தம் தனி, மாப்பிள்ளை அழைப்பு உண்டான்னு கேட்டு அதுக்கும் சேர்த்து. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அதனால் வைகாசியிலும் ஆவணியிலும் சம்பாதிச்சதை அந்த மாசங்களுக்கு ஒதுக்கி வைக்கணும். அப்பா மேளம் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே இதெல்லாம் வந்துடும். காலேஜுக்குப் போனதும் காசைப் பத்திப் பேசுறது கேவலம்னு யார் சொல்லிக்கொடுத்தா?

வீணை டீச்சர்:
அண்ணே, நானும் அதைத்தானே சொல்கிறேன்? அது உட்கார்ந்து பழகுவது, பரீட்சை எழுதி வருவதில்லை.

தஞ்சை நாயனம்:
அப்ப உங்க பிள்ளைங்களை வைகாசியில் நாலு முகூர்த்தத்துக்கு என்கூட அனுப்புங்க. சாப்பாடு நம்ம பொறுப்பு.

ஆடிட்டர் ரசிகர்:
டி.டி.எஸ். அண்ணனுக்கும் தெரியாது. அவரையும் என்னிடம் அனுப்புங்கள்.

தம்புராப் பையன்:
நான் வருகிறேன் அண்ணே. ஆனால் வைகாசியில் செமஸ்டர் பரீட்சை. வருகைப் பதிவு வேறு இடிக்கிறது. டீச்சர், நீங்கள் ஓ.டி. (வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) போட்டுத் தருவீர்களா?