மின்ட் திறக்கவில்லை, கறுப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் என்று நிற்கிறது

மின்மினி கேட்டது:

வணக்கம். லினக்ஸ் மின்ட் 21, விண்டோஸ் 10 இரண்டும் ஒரே டிஸ்க்கில். மேசைக்கணினி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், யுபிஎஸ் கிடையாது. நேற்று கரண்ட் போய் வந்ததிலிருந்து கிரப் மெனுவில் மின்ட்டைத் தேர்ந்தெடுத்தால் கறுப்புத் திரைதான். பிஸிபாக்ஸ் என்று ஒரு வரி, அதன் கீழே அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ், பக்கத்தில் கர்சர் மின்னுகிறது. விண்டோஸ் ஒழுங்காகத் திறக்கிறது. லினக்ஸுக்குப் புதிது. ஹோம் ஃபோல்டரில் குடும்பப் படங்கள் இருக்கின்றன. மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் வழியா? தொடக்கத்தில் ஏசிபிஐ பயாஸ் எரர் என்று இரண்டு வரி எப்போதுமே வரும். அதனால்தான் இப்படியா?

கரிசல்காடு:

இன்ஸ்டால் செய்யாதீர்கள். அவசரத்தில் 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்பதை அழுத்திவிட்டால் விண்டோஸும் படங்களும் சேர்ந்தே போய்விடும்.

ஏசிபிஐ வரிகளை விட்டுவிடுங்கள். மதர்போர்டு பயாஸ் தரும் அட்டவணையில் உள்ள பிழைகளை லினக்ஸின் மையமான கெர்னல் சொல்லிக் காட்டுகிறது. முன்பும் அந்த வரிகள் வந்தன, மின்ட்டும் திறந்தது என்றால் இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

நீங்கள் நிற்கும் இடம் இதுதான். கெர்னல் முதலில் ஒரு சிறிய தற்காலிக அமைப்பை ரேமில் ஏற்றும். அதன் பெயர்தான் இனிட்ராம்எஃப்எஸ். அதன் வேலை, டிஸ்க்கில் ரூட் பகிர்வை, அதாவது மின்ட் இருக்கும் பகுதியை, கண்டுபிடித்து, சோதித்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைப்பது. சின்னப் பிழைகளைத் தானே சரிசெய்துகொள்ளும். உங்களைக் கேட்காமல் கை வைக்கக் கூடாத பிழை என்றால் அங்கேயே நின்றுவிடும். உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுவே.

அந்தக் கர்சரில் எக்ஸிட் என்று தட்டி என்டர் கொடுங்கள். எந்தப் பகிர்வுக்குக் கையால் எஃப்எஸ்சிகே (பிழைகளைச் சோதித்துத் திருத்தும் கட்டளை) ஓட்ட வேண்டும் என்று அதுவே சொல்லும். /டெவ்/எஸ்டிஏ5 என்பது போல வரும். எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எஃப்எஸ்சிகே, ஓர் இடைவெளி, -ஒய், ஓர் இடைவெளி, அந்தப் பகிர்வின் பெயர். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். -ஒய் என்பது எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று சொல்வது. முடிந்ததும் இன்னொரு முறை ஓட்டி, கிளீன் என்று வந்தால் ரீபூட் என்று தட்டுங்கள்.

வேறொன்றும் நடக்கலாம். எக்ஸிட் கொடுத்ததும் பகிர்வின் பெயருக்குப் பதிலாக, அந்த யுயுஐடி (பகிர்வின் தனி அடையாள எண்) உள்ள பகிர்வே இல்லை என்று வந்தால் டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்று பொருள். அப்போது எஃப்எஸ்சிகே வேலைக்கு ஆகாது. கேபிளையும் பயாஸில் டிஸ்க் தெரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆழ்துளை:

-ஒய் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். படங்களுக்கு வேறு பிரதி இருக்கிறதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மின்ட் இயல்பாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் அமைப்பில் ஜர்னல், அதாவது செய்யவிருக்கும் மாற்றங்களின் குறிப்பேடு, உண்டு. சாதாரணமாகக் கரண்ட் போனால் அடுத்த பூட்டில் அந்த ஜர்னலைப் படித்தே தன்னைச் சரிசெய்துகொள்ளும், யாரையும் கூப்பிடாது. கையால் ஓட்டு என்று கேட்கிறது என்றால் பாதிப்பு அதைத் தாண்டிப் போயிருக்கிறது. டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) இருக்கலாம், கேபிள் தளர்ந்திருக்கலாம், ரேம் கெட்டிருக்கலாம். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் -ஒய் ஓட்டினால் அது எழுத எழுத இருப்பதும் போகும்.

மின்ட் இன்ஸ்டால் செய்த பென்டிரைவ் இருக்கும் அல்லவா, அதிலிருந்து லைவாக, இன்ஸ்டால் செய்யாமலே, திறங்கள். மெனுவில் டிஸ்க்ஸ் செயலி உண்டு. ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மேலே மூன்று புள்ளியை அழுத்தினால் ஸ்மார்ட் விவரங்கள், அதாவது டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு, வரும். அதில் நான்கு எண்கள் போதும்:

5: ஏற்கெனவே மாற்று இடத்துக்குத் தள்ளப்பட்ட செக்டர்கள்.
197: படிக்க முடியாமல் காத்திருப்பவை.
198: சோதனையிலும் மீட்க முடியாதவை.
199: கேபிளில் தரவு கெட்ட தடவைகள். இது மட்டும் ஏறினால் பழி டிஸ்க்கின் மேல் இல்லை, சாட்டா கேபிளை மாற்றினால் போதும்.

மேலே 'டிஸ்க் நலம்' என்று காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். 197 ஏறிக்கொண்டே இருக்கும்போதும் அது நலம் என்றே காட்டலாம்.

படங்களை எடுக்க, டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே -எஃப் ஓட்டி மின்ட் பகிர்வு எது என்று பாருங்கள். பென்டிரைவ் செருகியிருப்பதால் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் இடம் மாறியிருக்கலாம்; எக்ஸ்ட்4 என்ற சொல்லையும் அளவையும் (-எஃப் இல்லாமல் எல்எஸ்பிஎல்கே ஓட்டினால் தெரியும்) வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிறகு அந்தப் பகிர்வை மவுண்ட் செய்ய, அதாவது திறந்து /எம்என்டி ஃபோல்டரில் இணைக்க, சுடோ மவுண்ட் -ஓ ஆர்ஓ,நோலோட், பகிர்வின் பெயர், /எம்என்டி. ஆர்ஓ மட்டும் கொடுத்தால் போதாது, அப்போதும் ஜர்னலை டிஸ்க்கில் எழுதும். நோலோட் சேர்த்தால்தான் ஒன்றையும் தொடாது. படங்களை வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். அதே டிஸ்க்கின் டி டிரைவில் வைப்பது பிரதி ஆகாது. எடுத்த பிறகு சுடோ யுமவுண்ட் /எம்என்டி கொடுத்துவிட்டு, அங்கிருந்தே சுடோ ஈ2எஃப்எஸ்சிகே -எஃப் -ஒய், பகிர்வின் பெயர் என்று ஓட்டலாம். மவுண்ட் ஆகியிருக்கும் பகிர்வில் ஒருபோதும் ஓட்டக் கூடாது.

மின்மினி:

படங்களை எல்லாம் வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிட்டேன், மிக்க நன்றி. 5-இல் 0, 197-இல் 16, 198-இல் 0, 199-இல் 0. ஈ2எஃப்எஸ்சிகே நிறையத் திருத்தியது, இரண்டாம் முறை பிழை எதுவும் காட்டவில்லை. ரூட்டில் லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் # குறியும் எண்ணுமாக ஏழு ஃபைல் இருக்கிறது.

ஆனால் பூட் முழுதாக முடியவில்லை. ஒரு சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமும் ஓடுகிறது, பக்கத்தில் 1 நிமிடம் 30 நொடி என்று கணக்கு, பிறகு எமர்ஜென்சி மோட் என்கிறது. இதற்கிடையே விண்டோஸில் டி டிரைவை ஃபார்மட் செய்தேன். தானாகத் திறக்க அதை முன்பே எஃப்எஸ்டாபில் (பூட்டின்போது திறக்க வேண்டிய பகிர்வுகளின் பட்டியல்) சேர்த்திருந்தேன்.

கரிசல்காடு:

கடைசி வரியிலேயே காரணம் இருக்கிறது. ஃபார்மட் செய்தால் யுயுஐடி மாறிவிடும். எஃப்எஸ்டாபில் பழைய எண் நிற்கிறது, மின்ட்டைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக 90 நொடி காத்திருந்து, வராததால் பூட்டையே நிறுத்துகிறது. டிஸ்க் பழுதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மறுபடி லைவில் திறந்து, மின்ட் பகிர்வை இம்முறை ஆர்ஓ இல்லாமல் மவுண்ட் செய்யுங்கள். திருத்த வேண்டியது /எம்என்டி/இடிசி/எஃப்எஸ்டாப். வெறும் /இடிசி/எஃப்எஸ்டாப் என்று திறந்தால் அது பென்டிரைவின் ஃபைல். அதைத் திருத்தி என்னதான் சேமித்தாலும் எதுவும் மாறாது. புதியவர்கள் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

டி டிரைவ் வரியின் தொடக்கத்தில் # போட்டாலே பூட் ஆகிவிடும். நிலையாகச் சரிசெய்ய, சுடோ பிஎல்கேஐடி காட்டும் புதிய யுயுஐடியை எழுதி, நான்காவது நெடுவரிசையில் டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் என்று கமாவுக்குப் பின் இடைவெளி விடாமல் போடுங்கள். கடைசி இரண்டு எண்களும் 0. நோஃபெயில் இருந்தால் டி டிரைவ் இல்லாவிட்டாலும் மின்ட் திறக்கும். ரூட் வரியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

திறந்ததும் சுடோ ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை, பிறகு சுடோ மவுண்ட் -ஏ. எஃப்எஸ்டாபைத் தொடும் ஒவ்வொரு முறையும் ரீபூட்டுக்கு முன் இந்த இரண்டையும் ஓட்டுங்கள். பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

டி டிரைவ் எழுத முடியாமல், படிக்க மட்டும் திறந்தால் அது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலை. ஷட்டவுன் கொடுத்தாலும் பாதி உறங்கும் நிலையில்தான் போகிறது. விண்டோஸில் நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப் கொடுத்து முழுதாக மூடுங்கள்.

ஆழ்துளை:

197-இல் 16 என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 16 செக்டரைப் படிக்க முடியவில்லை. அவற்றின் மேல் புதிதாக எழுதும்போது, அந்த இடம் சரியாக இருந்தால் எண் குறையும். இல்லை என்றால் மாற்று இடத்துக்குப் போய் 5-இன் எண் கூடும். ஒரு வாரம் தினமும் பாருங்கள். 197-ஓ 5-ஓ ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள், எஃப்எஸ்சிகே அதற்கு மருந்தில்லை. ஏறாமல் நின்றாலும் படங்களின் ஒரே பிரதி இந்த டிஸ்க்கில் இருக்க வேண்டாம்.

லாஸ்ட்+ஃபவுண்டில் இருப்பவை பெயரை இழந்த ஃபைல்கள். # குறிக்குப் பின் வருவது ஐநோட் எண், ஃபைல் அமைப்பு ஒவ்வொரு ஃபைலுக்கும் தரும் உள் எண். சுடோ ஃபைல் /லாஸ்ட்+ஃபவுண்ட்/'#எண்' என்று கொடுத்தால் ஜேபெக்கா, டெக்ஸ்ட்டா என்று சொல்லும். அந்த ஒற்றை மேற்கோள் குறியைப் போட்டுவிடுவது நல்லது, # குறி சொல்லின் தொடக்கத்தில் வந்தால் ஷெல் அதைக் குறிப்புரையாக எடுத்துக்கொள்ளும். ஜேபெக் என்று வந்தால் வெளி டிஸ்க்கில் உள்ள படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அங்கே இல்லாத படமாக இருக்கலாம்.