எக்ஸிம் அடிக்கடி விழுகிறது: தாக்குதலா, ரேம் கோளாறா?

கேள்வி:
எங்கள் மெயில் சர்வரில் மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள் எக்ஸிம் 4.92.1. நேற்றிரவு கர்னல் லாகில் எக்ஸிம் சிக்னல் 11-ல் (தனக்கில்லாத நினைவகத்தைத் தொட்டதால் புராசஸைக் கர்னல் கொல்வது) செத்ததாக வரிசையாக வரிகள். மெயில் என்னவோ வழக்கம்போல் போய் வருகிறது. இது ரேம் கோளாறல்ல, பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய நினைவகத்துக்கு மேல் தரவைத் திணிக்கும் தாக்குதல்) முயற்சி என்று எப்படி உறுதி செய்வது?

பதில்:
ரேம் கெட்டிருந்தால் எக்ஸிம் மட்டும் பொறுக்கியெடுத்தாற்போல் சாகாது. 4.92 முதல் 4.92.2 வரை ஹீப் (புராசஸ் ஓடும்போது ஒதுக்கிக்கொள்ளும் நினைவகம்) ஓவர்ஃப்ளோ ஓட்டை உண்டு: பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2019-16928. இணைப்பவர் தன் பெயரைச் சொல்லும் இஎச்எல்ஓ கட்டளையில் மிக நீளமான பெயர் அனுப்பினாலே புராசஸ் விழும். ஒவ்வொரு இணைப்புக்கும் தனிப் புராசஸ் என்பதால் தாய்ப் புராசஸ் தப்பித்துவிடுகிறது. அதுதான் உங்களை ஏமாற்றுகிறது. கிராஷ் நேரத்தில் மெயில் வரும் 25-ம் போர்ட்டில் பிடித்த பாக்கெட்டுகள் இருந்தால் பாருங்கள். மெயில் பரிமாற்றத்துக்கான தரநிலை ஆர்எஃப்சி 5321 டொமைன் பெயருக்குத் தருவது 255 பைட்தான். இஎச்எல்ஓ பெயர் ஆயிரக்கணக்கான பைட்டில் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொருவர்:
சரி, ஆனால் ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கத்துக்கு மாற்றும் கட்டளை) முடிந்ததும் இஎச்எல்ஓ மறுபடி வரும், அப்போது மறையாக்கத்துக்குள். பாக்கெட்டுகளில் தாக்குதலைத் தேடும் சூரிகாட்டாவில் விதி எழுதினாலும் அங்கே குருடுதான். சிக்னல் 11-க்கு அலர்ட் வையுங்கள், அதை மறையாக்கம் மறைக்காது.

கேட்டவர்:
பாக்கெட் பிடிப்பு இல்லை. அலர்ட் வைத்தாயிற்று. இன்றிரவே 4.92.3-க்கு மேல் ஏற்றுகிறேன்.

பதில்:
ஏற்றும் முன் கோர் டம்ப் (செத்த புராசஸின் நினைவகப் பதிவு) இருந்தால் எடுத்து வையுங்கள். அந்த நீள்பெயர் அதிலேயே கிடக்கலாம்.